இரும்புக் காசின் பாரம்

காகிதப் பணத்தை உலகிற்கு முதலில் தந்தவர் சீனர் என்று பாடநூல்கள் புகழ்கின்றன. அப்புகழை நாம் மறுக்கவில்லை. ஆயின், அக்காகிதம் பிறந்த சிச்சுவான் நாட்டில் மக்கள் அதற்கு முன் எதைச் சுமந்து நின்றனர் என்ற வினாவை அந்நூல்கள் எழுப்புவதில்லை.

965இல் சுங் வம்சத்துப் படைகள் சிச்சுவானை ஆண்ட பிற்காலச் சூ அரசை வென்றன. இரும்புக் காசு அதற்கு முன்னரே அங்கு வழங்கிற்று. வென்றவர்களோ அங்கிருந்த செம்புக் காசுகளைத் திரட்டித் தலைநகருக்கு அனுப்பினர். செம்பு மீண்டும் உள்ளே வராதபடி தடையும் விதித்தனர். மக்கள் கையில் எஞ்சியது இரும்பே.

பின்னர் தடை நீங்கியது. உடனே, வரியில் பத்திலொரு பங்கைச் செம்பாகவே செலுத்துக என்று கட்டளை பிறந்தது. செம்பைக் கொண்டு சென்றவர்களே செம்பைக் கேட்டனர்! ஒரு செம்புக் காசைப் பெற 14 இரும்புக் காசு வேண்டியிருந்தது. மக்கள் புத்தர் சிலைகளைச் சுரண்டினர், பாத்திரங்களை உடைத்தனர், பழைய கல்லறைகளையும் தோண்டினர். இவற்றைக் கூறுவன சுங் காலத்து ஏடுகளே. அரச ஏடுகள் உழவனின் துயரை எழுதுவது அரிது. எழுதியிருப்பின் அத்துயர் சிறிதாக இருந்திராது என்றே நாம் கொள்ளல் வேண்டும்.

இக்காசின் நிறையையும் சற்று நோக்குவோம். பத்தாயிரம் சிறு காசுகள் 65 சீன இறாத்தல், அதாவது ஏறத்தாழ 40 கிலோகிராம். ஒரு சுருள் மெல்லிய பட்டின் விலையோ 20,000 காசு. வாங்கிய பட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளலாம். விலையைச் சுமக்கத்தான் ஆள் வேண்டும்.

993இல் வாங் சியாவ்போ என்பவரின் தலைமையில் தேயிலை உழவர் கிளர்ந்தெழுந்தனர். செல்வரையும் வறியவரையும் சமமாக்குவதே அவரது முழக்கம். இக்கிளர்ச்சிக்கு இரும்புக் காசு மட்டும் காரணமன்று; தேயிலை வாணிபத்தை அரசு தன் கைக்குள் அடக்கியமை அதனினும் பெரிய காரணம். அவர் மாண்டபின் லி சுன் தலைமையேற்று, 994இல் செங்டு நகரைக் கைப்பற்றினார். சில மாதங்களில் அரச படை அதனை மீட்டது.

அக்குழப்பத்தில் காசு வார்ப்பது நின்றது. வணிகர் எழுதிக் கொடுத்த சீட்டுகள் காசுக்குப் பதிலாகப் புழங்கின. அவற்றை வெளியிடும் உரிமை பின்னர் செங்டுவின் 16 செல்வ வணிகருக்கு வழங்கப்பட்டது. சீட்டைக் கொண்டுவந்தோருக்குக் காசு கொடுக்க அவர்களால் இயலாதபோது வழக்குகள் மலிந்தன. 1023இல் அரசே அத்தொழிலை ஏற்றது. மறு ஆண்டு வெளிவந்த சீட்டுகளின் மதிப்பு 12 இலட்சத்து 56 ஆயிரம் கோவைகளுக்கு மேல். ஒரு கோவை என்பது பெயரளவில் ஆயிரம் காசு. அவற்றுக்கு ஈடாகக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டவை 3 இலட்சத்து 60 ஆயிரம் கோவைகள். அவையும் இரும்புக் காசுகளே.