டெலூரியமும் அயோடினும்

தனிமங்களை அணு எடையின் ஏறுவரிசையில் நிறுத்தின் ஒத்த பண்புகள் முறையாக மீண்டும் தோன்றும் என்பது உருசிய அறிஞர் மெண்டலீவு 1869-இல் வெளியிட்ட நெறி. அந்நெறியை அவரே ஓரிடத்தில் மீறினார் என்பதை ஈண்டு எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

டெலூரியத்தின் அணு எடை 128, அயோடினின் அணு எடை 127 என அக்காலத்தார் கொண்டனர். அதன்படி அயோடினே முன்னிற்றல் வேண்டும். ஆயின் அயோடின், குளோரினைப் போல, ஒரே ஹைட்ரஜன் அணுவோடு சேர்வது; டெலூரியமோ, கந்தகத்தைப் போல, இரண்டோடு சேர்வது. இப்பண்பை நோக்கி மெண்டலீவு டெலூரியத்தையே முன் வைத்தார். எடையை அளந்தோர் பிழைத்தனர் எனக் கருதி, 1871-இல் அதனை 125 எனத் திருத்தியும் எழுதினார்.

அளந்தோர் பிழைத்திலர். இன்று அறியப்படும் எடைகள் முறையே 127.60, 126.90 ஆகும். குறை நெறியிலேயே இருந்தது. தனிமத்தின் இடத்தை வரையறுப்பது எடையன்று, அணுக்கருவின் மின்னேற்றமே என்பதை ஆங்கில இளைஞர் மோசிலி 1913, 1914 ஆம் ஆண்டுகளில் எக்ஸ் கதிர் ஆய்வால் நிறுவினார். அம்முறைப்படி டெலூரியத்தின் எண் 52. அயோடினின் எண் 53. புறக்கூட்டில் முன்னதற்கு 6 எலக்ட்ரான்கள், பின்னதற்கு 7. எட்டு நிரம்ப வேண்டுவன இரண்டும் ஒன்றுமாதலின் சேர்க்கையும் அவ்வாறே அமைந்தது.

மெண்டலீவு 1907-இல் மறைந்தார். மோசிலி 1915-இல் கலிப்போலிப் போரில் தம் 27-ஆம் வயதில் மடிந்தார். கூறிய காரணம் பிழைத்தும் மெண்டலீவு வைத்த இடம் பிழையாமைக்கு, அவர் பொருளின் பண்பை முதற்சான்றாகக் கொண்டமையே ஏது என்பது எம் துணிபு.