ஐந்து கிராம் டப்பா

கடையில் தாராளமாகக் கிடைக்கிற சரக்குக்கு அரசு அலுவலகம் எதற்கு? நெதர்லாந்தில் மருத்துவக் கஞ்சா அலுவலகம் தொடங்கியபோது எவரும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. அந்நாட்டுக் காபி ஷாப்களில் ஆளுக்கு 5 கிராம் வரை விற்றால் காவல்துறை கண்டுகொள்வதில்லை. மல்டிபிள் ஸ்க்லரோசிஸால் தசை விறைத்தவர்களும் புற்றுநோய் மருந்தால் குமட்டல் தாங்காதவர்களும் அங்கேதான் வாங்கிவந்தார்கள். ஆனால் அதன் வீரியம் எவ்வளவு, பூஞ்சை பிடித்ததா, பூச்சிமருந்து அடித்ததா என்று விற்றவருக்கே தெரியாது.

சுகாதார அமைச்சராக இருந்த எல்ஸ் போர்ஸ்ட் தாமும் ஒரு மருத்துவர். அவர் காலத்தில்தான், 2000-இல், இந்த அலுவலகம் பிறந்தது. 1961-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கைப்படி, கஞ்சா பயிரிட அனுமதிக்கும் நாடு அதற்கென ஒரு முகமையை அமைத்து, அறுவடை முடிந்த நான்கு மாதத்துக்குள் விளைச்சலைக் கொள்முதல் செய்துவிட வேண்டும். நம்மூர் நெல் கொள்முதல் நிலையம் மாதிரிதான். என்ன, கஞ்சா விளைவித்தவர் வெளியாளுக்கு ஒரு கிராம்கூட விற்க முடியாது.

2003 செப்டம்பரில் மருந்துச்சீட்டுக்கு மருந்துக்கடையிலேயே கஞ்சா கிடைத்தது. உள்ளரங்கில் வளர்த்து, ஆய்வகத்தில் சோதித்து, கிருமி நீங்கக் காமாக் கதிர் பாய்ச்சிய பூ. டப்பாவின் அளவு? அதே 5 கிராம்! புகைக்கக் கூடாது என்றார்கள். ஆவியாக்கி உள்ளிழுக்கலாம், இல்லையேல் கஷாயம். ஒரு லிட்டர் கொதிநீரில் ஒரு கிராமைப் போட்டுக் கால் மணி நேரம் சிறுதீயில் வைக்க வேண்டும். சத்து தண்ணீரில் எளிதில் கரையாது, கொழுப்போடுதான் ஒட்டும் என்பதால், எடுத்துவைக்கும் கஷாயத்தில் காபியில் போடும் பாலாடைப் பொடியைச் சேர்க்கச் சொன்னார்கள். சித்த மருந்தில் பாலும் நெய்யும் அனுபானமாவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

எல்லாம் சரி, ஆள்தான் வரவில்லை. கிராம் எட்டு யூரோவைத் தாண்டியது. காபி ஷாப்பில் அதைவிட மலிவு. முறையாகப் பதிவு பெறாத மருந்தை எழுதிக்கொடுக்க மருத்துவர்களும் தயங்கினார்கள். சரக்கு தேங்கியது. 2005-இல் அலுவலகத்தின் பாடே திண்டாட்டமானது. 2007-இல்தான் இன்னும் ஐந்தாண்டுக்கு உயிர் கிடைத்தது. தரத்தில் காட்டிய அக்கறையில் பாதியை விலையில் காட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

மருந்தாளுநர் மாநாட்டு மலரில் இந்தக் கதையை எழுதக் காரணம் இனிமேல்தான் வருகிறது. ஆவிக்கருவியும் கஷாயமும் ஒத்துவராத நோயாளிகளுக்கு வழி, பூவிலிருந்து எண்ணெய் எடுத்து நாவின் அடியில் சொட்டுக் கணக்கில் விடுவது. அதைச் செய்தது அலுவலகமன்று. ஹேக் நகரின் ட்ரான்ஸ்வால் மருந்தகம். அரசு டப்பாவில் வந்த பூவையே வைத்து அவர்கள் எண்ணெய் தயாரித்தார்கள். மற்ற மருந்துக்கடைகளும் அங்கிருந்து வரவழைத்துக்கொண்டன. அடிப்படை மருத்துவக் காப்பீடு மட்டும் அதற்கும் காசு கொடுக்கவில்லை.