பனித்தளம் – 9: பூஜ்யத்துக்குப் பூஜ்யம்

1939 மார்ச் 15. ஹிட்லரின் படை ப்ராக் நகருக்குள் நுழைந்தது. மைக் புக்னாவின் நான்கு வருட உழைப்பு நட்டாற்றில் நின்றது. சென்ற வாரம் இந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு சுருக்கம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஈயமும் துத்தநாகமும் உருக்கும் ஊர், ட்ரெய்ல். அங்கே பிறந்த ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் புக்னா. பெற்றோரின் பூர்வீகம் ஸ்லோவாக்கியா. அந்த மண்ணைப் பார்க்க 1935-ல் போனவரை ப்ராக்கின் எல்.டி.சி. சங்கம் பிடித்து வைத்துக்கொண்டது. பெயரளவில் அது டென்னிஸ் சங்கம். பனிக்காலத்தில் நாட்டின் தலைசிறந்த ஹாக்கி அணி. அங்கே அவர் ஆடினார், பயிற்சியும் கொடுத்தார். தேசிய அணியும் அவர் கைக்கு வந்தது. 1938-ல் ப்ராக்கிலேயே நடந்த உலகப் போட்டியில் ஜெர்மனியை 3-0 என்று வென்று செக்கோஸ்லோவாக்கியா வெண்கலம் வாங்கியது. அடுத்த வருடம் ஸ்விட்ஸர்லாந்தில் அந்த அணியை இரண்டு முறை தோற்கடித்து உலகப் பட்டம் வென்றது கனடா. கனடாவின் சார்பில் அன்று ஆடியது யார் தெரியுமா? ட்ரெய்ல் ஸ்மோக் ஈட்டர்ஸ். புக்னாவின் சொந்த ஊர் அணி! எட்டு ஆட்டங்களில் 42 கோல் அடித்த அந்த அணி வாங்கியது ஒரே ஒரு கோல். அதைப் போட்டது செக்கோஸ்லோவாக்கியா.

அந்த ஒற்றை கோலின் கணக்கைத் தீர்க்க ஒன்பது வருடம் ஆனது.

போர் மூண்டது. புக்னா கனடா திரும்பினார். 1940 முதல் 1946 வரை உலகப் போட்டியே கிடையாது. போர் முடிந்த மறுவருடம், 33 வயதில், மறுபடி ப்ராக்குக்குப் பெட்டி கட்டினார்.

அவர் முன்பு வந்தபோது செக் ஹாக்கி என்றால் யோசெஃப் மாலெச்செக். அபாரமான ஆட்டக்காரர், பக் எனப்படும் ரப்பர் வட்டு அவர் மட்டைக்கு வந்தால் அரங்கமே எழுந்து நிற்கும். ஆனால் ஒரு நட்சத்திரத்தை நம்பி ஒரு நாடு எத்தனை நாள் ஆடும்? தனியாளாக வட்டைத் தள்ளிக்கொண்டு ஓடாதே, ஆளுக்கு ஆள் கைமாற்று, மூன்று முன்கள வீரர்களும் சேர்ந்து ஏறு, சேர்ந்து இறங்கு. இதுதான் புக்னா கொண்டுவந்த கனடாப் பாடம். தேசிய அணியோடு அவர் நிற்கவில்லை. பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்போகிற பயிற்சியாளர்களையும் உருவாக்கினார்.

பலன் கண்ணெதிரே நின்றது. ஜெர்மானியர் ப்ராக்குக்குள் வந்தபோது விளாதிமிர் ஸாப்ரோட்ஸ்கிக்கு வயது 16. இப்போது அவர்தான் அணியின் முதல் முன்கள வீரர். பின்னாளில் விம்பிள்டன் டென்னிஸ் பட்டம் வெல்லப்போகிற யாரோஸ்லாவ் ட்ரோப்னியும் அணியில் இருந்தார். 1938 அணியின் கோல் கீப்பர் போஹுமில் மோட்ரியும், கோஷிட்ஸே நகரிலிருந்து வந்த ஸ்லோவாக்கியர் லாடிஸ்லாவ் ட்ரோயாக்கும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

1947 பிப்ரவரி. வல்டாவா நதியின் நடுவே இருக்கும் ஷ்ட்வானிட்ஸே தீவின் அரங்கில் உலகப் போட்டி. எட்டு நாடுகள். எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும்; இறுதி ஆட்டம் என்று தனியாக இல்லை, புள்ளிக் கணக்குத்தான். பெல்ஜியத்தை 24-0. ருமேனியாவை 23-1. ஆஸ்திரியாவை 13-5. ஏழு ஆட்டங்களில் ஸாப்ரோட்ஸ்கி மட்டும் அடித்த கோல்கள் 29.

கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் இடி விழுந்தது. ஸ்வீடன் 2, செக்கோஸ்லோவாக்கியா 1.

இனி ஸ்வீடனுக்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கி. ஆஸ்திரியாவை வென்றால் கோப்பை அவர்களுடையது. செக்குகளிடம் 13 கோல் வாங்கிய அதே ஆஸ்திரியா! ப்ராக் நகரமே கையைப் பிசைந்தது.

ஆஸ்திரியா 2-1 என்று ஜெயித்தது. அதே நாளில் செக்கோஸ்லோவாக்கியா அமெரிக்காவை 6-1 என்று நொறுக்கியது. நாட்டின் முதல் உலகப் பட்டம். பயிற்சியாளர், ட்ரெய்ல் ஊர்க்காரர்.

ஆனால் பட்டத்தில் ஒரு குறை இருந்தது. அந்தப் போட்டிக்குக் கனடா வரவேயில்லை. ஹாக்கி பிறந்த நாட்டை வெல்லாமல் எப்படி உலகச் சாம்பியன்?

பதில் சொல்ல அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1948 பனிக்கால ஒலிம்பிக், ஸ்விட்ஸர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ். கனடா இந்த முறை தன் விமானப்படையின் அணியை அனுப்பியது. அவசரமாகச் சேர்க்கப்பட்ட அணி. உள்ளூரில் ஆடிய முதல் பயிற்சி ஆட்டத்திலேயே மெக்கில் பல்கலைக்கழக மாணவர்களிடம் 7-0 என்று உதை வாங்கியிருந்தது. தேர்வான கோல் கீப்பர் மருத்துவச் சோதனையில் தேறவில்லை. கடைசி நேரத்தில் ஆள் பிடித்தார்கள். அவர் மர்ரே டௌவி, டொரோண்டோ நகரப் போக்குவரத்துக் கழக ஊழியர்.

அவரைத் தாண்டி யாராலும் எளிதில் கோல் போட முடியவில்லை.

பிப்ரவரி 6. இரண்டு அணிகளும் அதுவரை தோற்கவில்லை. ஒரு முனையில் டௌவி, மறுமுனையில் மோட்ரி. கனடாக்காரர்கள் கற்றுக் கொடுத்த ஆட்டத்தைக் கனடாவுக்கு எதிராகவே ஆடியது செக்கோஸ்லோவாக்கியா. அந்தப் போட்டியில் தங்கள் ஆட்டங்களில் 80 கோல் அடித்த அணியும், 69 கோல் அடித்த அணியும் மோதின. ஒருவர் வலையிலும் வட்டு விழவில்லை. 0-0.

எட்டு ஆட்டங்களின் முடிவில் இரண்டு அணிகளுக்கும் ஏழு வெற்றி, ஒரு சமன். தங்கம் யாருக்கு? அடித்த கோலை வாங்கிய கோலால் வகுக்க வேண்டும் என்பது விதி. செக்கோஸ்லோவாக்கியா அடித்தது 80, வாங்கியது 18. கனடா அடித்தது 69, வாங்கியது வெறும் 5. வகுத்துப் பார்த்தால் கனடாவுக்கு 13.8, செக்குகளுக்கு நாலரைக்கும் சற்றுக் குறைவு. பதினொரு கோல் அதிகம் அடித்தவர்களுக்கு வெள்ளி. கோல் விடாதவர்களுக்குத் தங்கம்.

ஆனால் உலகம் ஒன்றைக் குறித்துக்கொண்டது. ஒரு ஒலிம்பிக் முழுவதும் ஓர் ஐரோப்பிய அணி கனடாவிடம் தோற்காமல் திரும்பியிருக்கிறது.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் மூன்று வாரம்கூட இல்லை. பிப்ரவரி 25 அன்று ப்ராக்கில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். அதே வாரத்தில் எல்.டி.சி. அணி மாஸ்கோவில் இருந்தது. சோவியத் ரஷ்யாவில் இந்த விளையாட்டுக்கு முதல் லீக் தொடங்கி இரண்டே பனிக்காலம் ஆகியிருந்தது. மூன்று ஆட்டங்கள்: ஒன்றில் ரஷ்யர்கள் வென்றார்கள், ஒன்றில் தோற்றார்கள், ஒன்று சமன். விருந்தாளிகள் எப்படி ஆடுகிறார்கள், எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று ரஷ்யர்கள் கூர்ந்து கவனித்தார்கள். ட்ரெய்லிலிருந்து ப்ராக்குக்கு வந்த பாடம் இப்போது மாஸ்கோ வரை போய்விட்டது. அதற்கான விலையைப் பின்னாளில் ப்ராக்கும் கொடுத்தது, கனடாவும் கொடுத்தது.

அந்த ஆண்டே புக்னா செக்கோஸ்லோவாக்கியாவை விட்டுக் கிளம்பினார். முதல் முறை நாஜிகள் வந்தார்கள், போனார். இரண்டாம் முறை கம்யூனிஸ்டுகள் வந்தார்கள், போனார். 2004-ல் சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு தன் புகழ்மாளிகையில் அவர் பெயரைச் சேர்த்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1996-லேயே காலமாகிவிட்டார்.

ஆனால் அவர் வளர்த்த அணியின் கதை அவரோடு கிளம்பவில்லை. 1949-ல் ஸ்டாக்ஹோமில் அடுத்த உலகப் போட்டி. கனடா கட்டாயம் வரும். இந்த முறை 0-0 போதாது.

அதற்குத் தயாராக, 1948 நவம்பரில் அணி மேற்கு ஐரோப்பா போனது. பாரிஸில் ஆடியாயிற்று. அடுத்து லண்டன். பெரும்பாலான வீரர்கள் முன்னால் போய்விட்டார்கள். மீதி ஆறு பேருக்கு ஒரு சிறிய விமானம் ஏற்பாடானது. 1938 அணியிலேயே புக்னாவோடு இருந்த ட்ரோயாக்கும் அந்த ஆறு பேரில் ஒருவர்.

நவம்பர் 8 அன்று ஆங்கிலக் கால்வாயை நோக்கிக் கிளம்பிய அந்த விமானம் லண்டனில் இறங்கவில்லை. ஆறு பேர் இல்லாமல் ஸ்டாக்ஹோமில் கனடாவைச் சந்தித்த அணிக்கு என்ன நேர்ந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)