முன்துறை: கப்பல் நின்ற இடத்தின் பெயர்

துறை என்ற சொல்லைக் கேட்டதும் கப்பல் நங்கூரமிட்டு நிற்கும் இடமே இன்று பலருக்கும் நினைவில் வருகிறது. துறைமுகம் என்ற வழக்கு அந்த எண்ணத்தை நிலைபெறச் செய்துவிட்டது. பழைய இலக்கியத்தில் துறை வரும் இடங்களில் எல்லாம் உரை எழுதுவோர் தயங்காமல் ‘துறைமுகம்’ என்று பொருள் தந்து கடந்துவிடுவதும் இதனால்தான். ஆனால் துறை முதலில் கப்பலுக்குரிய சொல் அன்று. அது மனிதனின் காலடிக்குரிய சொல். நிலத்தில் நடந்து வந்தவன் நீரில் இறங்கும் இடமும், நீரைக் கடந்தவன் மறுபடி நிலத்தில் ஏறும் இடமுமே துறை. கப்பல் நின்ற இடத்தைக் குறிக்க நம் முன்னோர் துறையோடு வேறொரு சொல்லைச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தச் சேர்க்கை தேய்ந்து மறைந்ததால் இரண்டு இடங்களும் நம் மனத்தில் ஒன்றாகிவிட்டன.

முதற்சான்று ஊர்ப்பெயர்களில் இருக்கிறது. மயிலாடுதுறை, திருவாவடுதுறை, திருப்பராய்த்துறை, குளித்தலையின் பழம்பெயரான கடம்பந்துறை ஆகிய எவற்றிலும் கடல் இல்லை. பெரும்பாலானவை காவிரிக்கரை ஊர்கள். அங்கே துறை என்பது படித்துறை, நீராடுதுறை, பரிசல் துறை. ஐப்பசியில் மயிலாடுதுறைக்குத் துலா முழுக்குக்கு வருபவர் இறங்குவது கப்பல் நின்ற இடத்தில் அன்று. வண்ணார் துணி வெளுக்கும் இடம் வண்ணான்துறை. மலையாளத்தில் ‘துற’ மீனவர் குடியிருக்கும் கரையைக் குறிக்கிறது. இந்த வழக்குகள் அனைத்துக்கும் பொதுவாக நிற்பது ஒன்றே: நீரின் விளிம்பில் மனிதர் கூடும், இறங்கும், ஏறும் இடம். ஆழம் இதில் பேச்சே இல்லை. சொல்லப்போனால், ஆழம் குறைவாக இருந்தால்தான் இறங்க முடியும். கப்பலுக்கு வேண்டியதோ ஆழம். ஒரே சொல் இந்த இரண்டையும் இயல்பாகக் குறித்திருக்க முடியாது.

பழங்காலக் கடல் வணிகம் நடந்த முறையும் இதையே காட்டுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானிய அறிஞர் பிளினி, மேற்குக் கரையின் முசிறியில் கப்பல்கள் நிற்கும் இடம் கரையிலிருந்து வெகு தொலைவில் இருந்ததாகவும், சரக்கு சிறு படகுகளில்தான் ஏற்றி இறக்கப்பட்டதாகவும் குறிக்கிறார். அதே நூற்றாண்டின் கிரேக்க மாலுமி நூலான எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ், அதே கரையிலிருந்த நெல்கிண்டாவின் ஆற்றில் மணல் திட்டுகள் மிகுந்திருந்ததால் கப்பல்கள் பக்கரே என்னும் ஆற்றுமுகத்துக்கு வந்து நின்று சரக்கேற்றியதைச் சொல்கிறது. புறநானூற்றின் 343ஆம் பாடலில் பரணர் இதே காட்சியைக் கரையிலிருந்து பார்க்கிறார்: கலங்கள் கொண்டுவந்த பொன் கழியில் ஓடும் தோணிகளால் கரை சேர்கிறது. ரோமானியரும் தமிழ்ப் புலவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே செய்தியைச் சொல்வது ஆய்வாளனுக்குக் கிடைக்கும் அரிய பேறு. கப்பல் நின்றது ஓரிடம், சரக்கு இறங்கியது வேறிடம், இடையில் ஓடியது தோணி. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் கலங்கரை விளக்கமும் இப்படித்தான். உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய விளக்கு, கடலில் ஓடும் கலங்களை அழைக்கிறது. அழைக்கும் அந்த இடத்துக்கே புலவர் துறை என்று பெயர் சொல்கிறார். அதாவது துறை நிலத்தில் நிற்கிறது, கலம் நீரில் இருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதே உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில், கட்டுத்தறியை அசைக்கும் யானைகளைப் போல நாவாய்கள் அசைந்து நெருங்கி நிற்கும் புகாரின் காட்சியைப் பாடுகிறார். அந்த இடத்துக்கு அவர் தரும் பெயரில் துறை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் தனியாக இல்லை. அவர் சொல்வது ‘முன்துறை’. இல்லின் முன்னிடம் ‘முன்றில்’ ஆனது போலத் துறையின் முன்னிடம் முன்துறை ஆயிற்று என்பதே என் துணிபு. புணர்ச்சியில் முன்றுறை ஆகும் இச்சொல், பழமொழி நானூற்றின் ஆசிரியர் முன்றுறை அரையனார் பெயரிலும் வாழ்கிறது. ‘முன்’ என்பது ‘பழமையான’ என்றோ ‘முதன்மையான’ என்றோ பொருள்பட்ட வெறும் அடை எனச் சிலர் கொள்ளக்கூடும். அப்படியானால் பட்டினப்பாலையில் அசையும் நாவாய்களை நிறுத்த அச்சொல்லை ஏன் தேட வேண்டும்? இன்னொரு சான்றாகப் புறநானூற்றின் 30ஆம் பாடலைக் காட்டி, பெருங்கலங்கள் பாயைக் களையாமலும் பாரத்தைக் குறைக்காமலும் உள்ளேயே வந்தன என்பார்கள். அது புகாரின் ஆழத்தை வியந்து சொன்ன புகழ்ச்சி. எல்லா இடத்திலும் நடந்ததை யாரும் வியக்கமாட்டார்கள். மேலும் கலம் புகுந்த இடத்தை அப்பாடல் புகார் என்றதே தவிரத் துறை என்று சொல்லவில்லை. பிற்காலத்தில் ‘முன்’ செய்த வேலையை ‘முகம்’ எடுத்துக்கொண்டது. துறைமுகம் என்பதும் துறையின் முகப்புத்தான். மலையாளத்தின் ‘துறமுகம்’ அதற்கு உடன்பிறப்பு.

துறையின் மற்றப் பொருள்களும் இந்த அடிப்பொருளிலிருந்தே கிளைத்தன. தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளில் துறையும் ஒன்று. திணை பரந்த நிலம் என்றால், புலவன் அதனுள் இறங்கும் குறிப்பிட்ட வழி துறை. கல்வியில் முற்றும் தேர்ந்தவரைத் ‘துறைபோகியவர்’ என்றது, இறங்கிக் கடந்து மறுகரை ஏறியவர் என்பதால். இலாகா என்று வழங்கியதை நாம் துறை என்று மாற்றியபோது இதே பழைய கிளை புதிதாகத் தளிர்த்தது. துறையின் இந்தக் கிளைப்பொருள்கள் வடமொழித் ‘தீர்த்த’த்தின் மொழிபெயர்ப்பு என்போர் உண்டு. ஒப்புமை உண்மையானதே. கடத்தல் என்னும் வேரில் பிறந்த தீர்த்தமும் நீராடும் இடத்தைக் குறிக்கும். அர்த்தசாஸ்திரம் அரசின் உயர் அதிகாரிகளைப் பதினெட்டுத் தீர்த்தங்கள் என்கிறது. ஆனால் ஆற்றைக் கடந்து வாழ்ந்த இரு மொழியினரும் ஒரே வழியில் எண்ணியதற்குக் கடன் தேவையில்லை. செய்யுளுறுப்பாகத் துறை பெற்ற பொருள் தமிழ்க் கவிதை மரபுக்குள்ளேயே விளைந்தது.

கடலோரத் துறைகளைக் கொண்டும் என்னை மறுக்கலாம். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை என யாழ்ப்பாணத்தின் வடகரை முழுவதும் துறைகள். அவையும் தோணியும் வள்ளமும் கரையேறிய இடங்களாகவே பெயர் பெற்றன. அலைதடுப்புச் சுவர் கட்டிய பின் வந்த பெயர்கள் அல்ல. சென்னை இதை இன்னும் தெளிவாக்கும். 1639இல் ஆங்கிலேயர் இடம் பெற்ற நாள்முதல் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அங்கே கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஆளும் சரக்கும் அலைகளைத் தாண்டி மசூலாப் படகில் கரை சேர்ந்தன. 1861இல்தான் இரும்புத் தூண்களின்மேல் கடற்பாலம் வந்தது. பின்னர் எழுப்பிய அலைதடுப்புச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. கப்பல் நின்ற அந்தத் திறந்த நீரை ஆங்கிலேயர் ‘மெட்ராஸ் ரோட்ஸ்’ என்றனர். அங்கே ரோடு என்பது சாலை அன்று, நங்கூரத்தில் மிதந்து நிற்கும் இடம். அதைச் சாலை என்று மொழிபெயர்த்தால் பிழையாகும், துறைமுகம் என்றாலும் பிழையாகும்.

கட்டிய துறைமுகத்தையும் திறந்த நீரில் நங்கூரமிடும் இடத்தையும் பிரித்துச் சொல்லப் பாடநூல்களும் அகராதிகளும் ‘நங்கூரமிடும் இடம்’ என்று நீட்டிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அகராதி செய்வோர் துறைக்கு ‘நீரில் இறங்கும் இடம்’ என்பதை முதற்பொருளாக வைக்கட்டும். கப்பல் நிற்கும் நீருக்குப் பட்டினப்பாலையின் முன்துறையை மீண்டும் வழக்கில் கொண்டுவரட்டும்.