கூடிப் பேசிய அறிவு: பட்டிமண்டபம் முதல் உத்திரமேரூர் வரை

பெருங்கருத்துகள் தனி ஒருவர் சிந்தையில் முளைக்கலாம். ஆனால் பிறரிடம் எடுத்துரைத்து, மறுப்பைக் கேட்டு, அதற்கு விடையிறுத்த பின்னரே அவை உரம் பெறுகின்றன. கிரேக்க நாட்டுப் பிளேட்டோ தம் தத்துவத்தை உரையாடல்களாகவே எழுதினார். இத்தாலிய அறிஞர் கலிலியோ, பூமி சுழல்வது பற்றிய தம் ஆய்வை 1632இல் மூவர் உரையாடும் நூலாக, இலத்தீனில் அன்றி மக்கள் பேசிய இத்தாலிய மொழியிலேயே வெளியிட்டார். தமிழிலும் இம்மரபு தொன்மையானது. கூடிப் பேசியதோடு அமையாமல், எவ்வாறு பேசுவது, எங்கே நிறுத்துவது, யார் பேசலாம் என்பனவற்றுக்கும் நம் முன்னோர் நெறி வகுத்தனர். அந்நெறிகளின் சிறப்பையும் குறையையும் காஞ்சி வட்டாரச் சான்றுகளை முதன்மையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணிமேகலை கேட்டவை

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை இவ்வகையில் முதற்கண் வைத்து எண்ணத்தக்கது. புகார் நகரில் இந்திரவிழாவை அறிவிக்கும் முரசறைவோன், தெருக்களை அணிசெய்யச் சொல்வதோடு நிற்கவில்லை. சமயவாதிகள் தத்தம் பொருளை நாட்டப் பட்டிமண்டபம் ஏறுக என்கிறான். பகைவரே எதிர்ப்பட்டாலும் சினமும் பூசலும் இன்றி விலகிச் செல்க என்கிறான். விழாவின் பகுதியாகவே வாதம் எண்ணப்பட்டது என்பதும், வாதத்திற்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பது உணரப்பட்டது என்பதும் இதனால் விளங்கும்.

காப்பியத்தின் பிற்பகுதியில் மணிமேகலை வஞ்சி மாநகரில் அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பதின்மர் கொள்கைகளைக் கேட்கிறாள். இன்று அறிவியல் என்றும் தத்துவம் என்றும் பிரித்து வைப்பனவெல்லாம் அங்கு ஒரே அவையில் பேசப்படுகின்றன. அறிவதற்குரிய வழிகள் எத்தனை என்பதை அளவைவாதி எண்ணிக் காட்டுகிறான். உலகம் அணுக்களால் ஆனது என்கிறான் ஆசீவகன். உயிரென்று தனியே ஒன்றில்லை. தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடும்போது கள்ளில் மயக்கம் பிறப்பது போலப் பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறான் பூதவாதி. கண்ணால் கண்டதன்றி வேறு சான்று ஏலேன் என்று அவன் உரைக்க, மணிமேகலை நகைத்து ஒரு வினாத் தொடுக்கிறாள்: உன் தாயும் தந்தையும் இன்னார் என்பதைக் கருதலளவையால் அன்றி வேறெவ்வாறு அறிந்தாய்? அவள் அவனைப் பழிக்கவில்லை. அவன் வாழ்க்கையிலிருந்தே ஓர் உண்மையை எடுத்து அவன் முன் வைக்கிறாள். நல்ல உரையாடலுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆயினும் ஒரு செய்தியை நாம் கடந்து போதல் ஆகாது. இளம்பெண் என்று கருதினால் சமயவாதிகள் தம் பொருளை உரையார் என்று அறிவுறுத்தப்பட்டு, மணிமேகலை மாதவன் வடிவம் கொண்டே அவ்வவையில் புகுகிறாள். அறிவு பேசப்பட்ட இடத்தில் பெண் தன் உருவோடு நிற்க இயலவில்லை என்பதைச் சாத்தனார் மறைக்கவில்லை.

காஞ்சியும் அளவை நூலும்

பின்னர் அவள் காஞ்சியை அடைந்து அறவண அடிகளிடம் அளவை நெறி கேட்கிறாள். இம்மலையில் நெருப்புண்டு, புகை இருத்தலால், அடுக்களையைப் போல என்று அனுமானத்தின் உறுப்புகள் விளக்கப்படுகின்றன. நாள்தோறும் பெண்கள் புகையில் நின்று உழலும் அடுக்களையே தருக்க நூலுக்கு எடுத்துக்காட்டாக அமைந்தது. இப்பகுதி சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசம் என்னும் வடநூலோடு நெருங்கிய ஒப்புமை உடையதென ஆய்வாளர் காட்டியுள்ளனர்.

காப்பியக் கற்பனைக்கு வரலாறும் துணை நிற்கிறது. கதம்ப மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன் காஞ்சியின் கடிகையில் பயில வந்ததைத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. நாளந்தாவின் தலைவராய் விளங்கிய தருமபாலர் பிறந்த ஊர் காஞ்சி என ஏழாம் நூற்றாண்டில் இந்நாட்டிற்கு வந்த யுவான் சுவாங் குறிக்கிறார். அந்நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட மகேந்திரவர்மப் பல்லவனோ, மத்தவிலாசப் பிரகசனம் என்னும் அங்கத நாடகத்தில் காபாலிகனையும் பௌத்தத் துறவியையும் ஒரு கபாலத்துக்காக வழக்காட வைத்தான். அக்கபாலத்தைக் கவ்விச் சென்றதோ நாய். உண்மையைத் தேடாமல் வெற்றியைத் தேடும் வாதம் எங்குச் சென்று முடியும் என்பதை அரசனே நகைச்சுவையாகக் காட்டிவிட்டான் எனலாம்.

மானூரும் உத்திரமேரூரும்

தத்துவ அவையின் ஒழுங்கு ஊரவைக்கும் வேண்டியதாயிற்று. திருநெல்வேலிச் சீமையின் மானூரில் ஏறத்தாழக் கி.பி. 800இல் பொறிக்கப்பட்ட பாண்டியர் காலக் கல்வெட்டு, சபையில் எப்பொருளுக்கும் அன்று அன்று என்றே சொல்லித் தடுப்போர்க்கும் அவர்க்குத் துணை நிற்போர்க்கும் ஐந்து காசு தண்டம் விதிக்கிறது. காரணம் காட்டி மறுப்பது வேறு. மறுப்பதையே தொழிலாகக் கொள்வது வேறு. ஆனால் இவ்விரண்டையும் பிரித்தறிபவர் யார் என்னும் வினா எஞ்சுகிறது. வலியவர் கையில் இவ்விதி நல்ல மறுப்பையும் அடக்கும் கருவியாகலாம்.

காஞ்சிக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நம் உத்திரமேரூரில், முதற் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும் சபை கூடிச் செய்த முடிவுகள் கல்லில் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறியோரும் பெரியோரும் கூடியிருக்க, நம்பிமாருள் முதியவர் அக்குடத்தை அனைவரும் காண உயர்த்தினார். உள்ளிருப்பதை அறியாச் சிறுவன் ஓலையை எடுத்தான். மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்றுப் படித்தார். நம்பிமாரும் அதனைப் படித்தனர். இவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் 12 பேர் ஆண்டு வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் உரியவராயினர். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். முந்திய மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர்க்கும் இடமில்லை.

குடவோலையின் நுட்பத்தைப் பலரும் போற்றியுள்ளனர். நான் பெரிதும் மதிப்பது அவ்விரு கல்வெட்டுகளுக்கும் இடைப்பட்ட இரண்டாண்டுகளையே. 919இல் 30க்கும் 60க்கும் இடைப்பட்டிருந்த வயது வரம்பு, 921இல் 35 முதல் 70 என மாற்றப்பட்டது. தகுதி, தகுதியின்மை பற்றிய விதிகளும் விரிவாக்கப்பட்டன. கல்லில் வெட்டிய பின்னும் சபை மீண்டும் கூடியது. அரசனின் அலுவலர் உடனிருக்க ஆராய்ந்தது. தன் விதியைத் தானே திருத்தியது. பேச்சு முடிந்துவிடவில்லை என்பதற்கு அவ்விரண்டாவது கல்வெட்டே சான்று.

வாயிலுக்கு வெளியே நின்றோர்

எனினும் அக்குடத்துள் விழுந்த பெயர்கள் யாருடையவை? இறை செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியன உடையோர்க்கே அங்கு இடம். மிகக் கற்றவராயின் நிலத்தளவில் பாதி போதும் என்ற தளர்வு உண்டு. அதுவும் வேதக் கல்வியையே குறித்தது. வயலில் உழுதவனுக்கும் ஏரிக்கரையில் மண் சுமந்தவளுக்கும் ஏரி வாரியத்தில் குரல் இல்லை. மக்களாட்சியின் தொட்டில் என்று இவ்வூரைப் பெருமிதத்தோடு சொல்லும் நாம் இதனையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். உண்மையை மறைத்துப் பெறும் பெருமை நிலைத்து நில்லாது.

அவ்வாயில் திறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு உறுதி செய்தது. தமிழ்நாடு 2016இல் அதனை 50 விழுக்காடாக உயர்த்தியது. கிராம சபையில் அமர இன்று நிலமும் வேண்டா, வேதமும் வேண்டா. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஆனால் இருக்கை கிடைப்பது வேறு. வாய் திறப்பது வேறு. தலைவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று கணவர் விடை சொல்லும் ஊர்களில், மணிமேகலையின் மாற்றுருவம் வேறு வடிவில் தொடர்கிறது என்றே கொள்ள வேண்டும்.

பத்தாண்டுகள் கூடிப் பேசிய நம் இலக்கிய வட்டத்திற்கும் இவ்வரலாறு உரியது. பகைவரிடமும் பூசலிடாத புகாரின் பண்பையும், தன் முடிவைத் தானே திருத்திக்கொண்ட உத்திரமேரூரின் துணிவையும் நாம் போற்றிக் கொள்வோம். அதே வேளையில், கூட்டம் முடியும்வரை பின்வரிசையில் வாளா அமர்ந்து எழுந்து செல்லும் பெண்களையும், உழவர் வீட்டு இளைஞர்களையும் முன்வரிசைக்கு அழைத்து, முதல் வினாவை அவர்களே வினவச் செய்வோம். அடுத்த மலரில் அவர்தம் கட்டுரைகள் இடம்பெறுமாயின், அதுவே இப்பத்தாண்டு உழைப்பின் பயனாகும். வட்டம் வளர்க.