பழங்கருவிக் கூடுகள் (ஹாம் வானொலி)

ஹாம் வானொலிக்காரர்கள் தாங்களே செய்யும் ரிசீவர், டிரான்ஸ்மிட்டர், ஆன்டெனா ட்யூனர், பவர் சப்ளை முதலியவற்றுக்குப் புதுப் பெட்டி வாங்காமல், பயனற்றுப்போன மின்னணுக் கருவியின் கூட்டைக் கழற்றி எடுத்துப் பயன்படுத்தும் வழக்கம் பற்றியது இக்கட்டுரை. கூடு என்றால் வெளிப்பெட்டி மட்டுமன்று. உள்ளிருக்கும் சேசிஸ், முகப்புத் தகடு, டையலும் அதன் பல்சக்கரங்களும், குமிழ்கள், மீட்டர், காற்றோட்ட வலை ஆகியவையும் சேர்ந்ததே கூடு. சர்க்யூட்டை ஒரு மாலைப்பொழுதில் சால்டர் செய்து முடித்துவிடலாம். தகட்டை நேராக வெட்டி, மூலைமட்டம் பிசகாமல் மடக்கி, துளையிட்டுப் பெட்டியாக்கும் கட்டத்தில்தான் வீட்டுத் தயாரிப்புகளில் பெரும்பாலானவை நின்றுபோகின்றன. அந்த வேலையை ஏதோ ஒரு தொழிற்சாலை முன்பே செய்துவைத்திருக்கிறது என்பதே இவ்வழக்கத்தின் அடிப்படை.

தொடக்கம்

1920கள் வரை ஹாம் கருவிகளுக்குப் பெரும்பாலும் கூடே கிடையாது. மரப்பலகை ஒன்றின்மேல் சுருள், கண்டென்சர், வால்வு ஆகியவற்றை வரிசையாகத் திருகி, முன்பக்கம் ஒரு கருங்காலி நிற எபனைட் தகட்டை நிறுத்துவார்கள். அமெரிக்கர்கள் பலர் சமையலறையின் ரொட்டி வெட்டும் பலகையையே எடுத்துக்கொண்டார்கள். கை அருகில் போனாலே ரிசீவரின் அலைவரிசை நகர்ந்துவிடும். 1930களில் சூப்பர்ஹெட்டரோடைன் ரிசீவர்கள் பரவி, ஒரே கருவிக்குள் பல வால்வுகள் அடுத்தடுத்து இயங்க நேர்ந்ததும் நிலைமை மாறியது. ஒரு நிலையின் அலை அடுத்த நிலைக்குக் கசியாமலிருக்க உலோகச் சேசிஸும் உலோக அறைகளும் இன்றியமையாதவை ஆயின. ஹாம்களுக்குத் தகர வேலை தேவைப்படத் தொடங்கியது அப்போதுதான்.

போரில் கிடைத்த கருவியைப் பிரித்து வேறு கருவி செய்ததற்கு இலங்கையில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1923இல் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியில் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்திலிருந்து சோதனை ஒலிபரப்பு நடந்தது. அதற்கான டிரான்ஸ்மிட்டரைத் தந்தித் துறைப் பொறியாளர்கள், முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலி உறுப்புகளைக் கொண்டு கட்டினார்கள். ஒலிபரப்பு வரலாற்று நூல்களில் இடம்பெறும் இச்செய்தி இங்கும் குறிக்கத்தக்கது.

போர் உபரிக் காலம்

இவ்வழக்கம் உலகெங்கும் வேரூன்றியது இரண்டாம் உலகப் போருக்குப் பின். பிரிட்டனில் 1939இலும் அமெரிக்காவில் 1941 டிசம்பரிலும் ஹாம்கள் காற்றில் பேசத் தடை வந்தது. 1945 இறுதியிலிருந்து படிப்படியாக அனுமதி திரும்பியபோது, கடைகளில் புதுக் கருவி இல்லை. இராணுவக் கிடங்குகளிலோ மலைபோல் குவிந்து கிடந்தது. விமானத்துக்கும் டாங்கிக்கும் செய்யப்பட்ட கருவிகள் எடைக்கு விற்கப்பட்டன.

அவற்றில் முதலிடம் அமெரிக்க விமானங்களின் ‘கமாண்ட் செட்’ எனப்பட்ட எஸ்சிஆர்-274-என், ஏஆர்சி-5 வரிசைகளுக்கு உரியது. நியூ ஜெர்சியின் பூண்டன் நகரில் இருந்த ஏர்கிராஃப்ட் ரேடியோ கார்ப்பரேஷனின் வடிவமைப்பு இது. ஒவ்வொரு அலைவரிசைப் பகுதிக்கும் தனித்தனி ரிசீவர், தனித்தனி டிரான்ஸ்மிட்டர். எல்லாமே கையடக்கமான அலுமினியப் பெட்டிகள். பிசி-454 ரிசீவர் 3 முதல் 6 மெகாஹெர்ட்ஸ் வரை, பிசி-455 ரிசீவர் 6 முதல் 9.1 வரை. பிசி-459 டிரான்ஸ்மிட்டர் 7 முதல் 9.1 வரை இயங்கியதால், 40 மீட்டர் பட்டைக்கு அப்படியே பொருந்தியது. 190 முதல் 550 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும் பிசி-453இன் இடைநிலை அலைவரிசை வெறும் 85 கிலோஹெர்ட்ஸ். அதனால் அதன் தேர்வுத்திறன் அபாரம். வேறொரு ரிசீவரின் பின்னால் இதை இணைத்து, நெரிசலில் ஒரே ஒரு மோர்ஸ் நிலையத்தைப் பிரித்துக் கேட்டார்கள்.

விமானத்தின் 28 வோல்ட் மின்சாரத்தில் ஓடிய டைனமோட்டர் என்னும் சுழல் மின்மாற்றி இவற்றின் முதுகில் உட்கார்ந்திருக்கும். வீட்டில் அதனால் பயனில்லை. அதைக் கழற்றியதும் காலியான இடத்தில் டிரான்ஸ்ஃபார்மரும் ரெக்டிஃபையரும் ஏறிக்கொண்டன. முதலில் கருவியைத் திருத்தினார்கள். பிறகு வால்வுகளை மாற்றினார்கள். கடைசியில் எல்லாவற்றையும் உருவிவிட்டுக் கூட்டையும் ட்யூனிங் கண்டென்சரையும் மட்டும் வைத்துக்கொண்டு வேறு கருவி கட்டினார்கள். அந்தக் கண்டென்சரை ஓட்டிய புழுச்சக்கர அமைப்பு, பல சுற்றுச் சுற்றினால் முள் சிறிதே நகரும் நுட்பம் கொண்டது. அதைப்போன்ற ஒன்றை வீட்டுப் பட்டறையில் செய்ய இயலாது. இத்தகைய மாற்றங்களை விளக்கும் கையேடுகள் அமெரிக்காவில் பல தொகுதிகளாக வந்தன.

பிரிட்டனில் கதை வேறு வகையில் சுவையானது. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் ஆர்1155 ரிசீவர், டாங்கிகளின் நம்பர் 19 செட் ஆகியவை ஹாம்களின் மேசைக்கு வந்தன. சோவியத் யூனியனுக்கு அனுப்பச் செய்த நம்பர் 19 செட்டுகளின் முகப்பில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்தும் இருக்கும். ‘ஜீ’ என்னும் வழிகாட்டுக் கருவியின் அங்கங்களான ஆர்1355 ரிசீவரையும் இண்டிகேட்டர் யூனிட் 62ஐயும் வாங்கியவர்கள், அதிலிருந்த விசிஆர்97 என்ற ஆறு அங்குலப் பச்சைத்திரைக் குழாயைக் கொண்டு வீட்டுத் தொலைக்காட்சியே கட்டிப் பார்த்தார்கள். படம் பச்சையாகத்தான் தெரிந்தது. குழாயை எடுத்தபின் எஞ்சிய பெட்டி, நல்லதொரு டிரான்ஸ்மிட்டர் கூடு. லண்டனின் லைல் தெருக் கடைகள் இவ்வணிகத்துக்குப் பெயர்பெற்றவை.

நியூயார்க்கில் கார்ட்லண்ட் தெருவைச் சூழ்ந்த ‘ரேடியோ ரோ’ கடைவீதி இதே பணியைச் செய்தது. உலக வர்த்தக மையம் எழுப்புவதற்காக 1966இல் அது இடிக்கப்பட்டது. டோக்கியோவில் போருக்குப் பின் தெருவோரம் முளைத்த வானொலி உதிரிக் கடைகள், 1949இல் நடைபாதைக் கடைகளை அகற்ற ஆணை வந்தபோது ரயில் பாலத்தின் அடியில் குடியேறின. இன்றைய அகிஹபாரா அப்படி உருவானதே. ஜப்பானில் ஹாம் உரிமம் மீண்டும் கிடைத்தது 1952இல். கடைவீதி அதற்கு முன்பே தயாராக இருந்தது.

தொழில் நிறுவனங்களும் இந்த உபரியில் பிறந்தன. ஹீத்கிட்டின் முதல் ஆசிலோஸ்கோப் கிட் 1947இல் வெளிவந்தது, உபரிக் குழாய்களையும் உதிரிகளையும் நம்பியே. அதன் விலை 39.50 டாலர். பிற்காலத்தில் பழைய ஹீத்கிட் பெட்டிகளே கூடாக மறுபிறவி எடுத்தன.

சரித்திர மதிப்புள்ள கருவிகளை இப்படிக் குடைந்து கெடுத்துவிட்டார்களே என்று சேகரிப்பாளர்கள் புலம்புவதுண்டு. 1947இல் ஒரு பிசி-454ஐச் சில டாலருக்கு வாங்கியவருக்கு அது அருங்காட்சியகப் பொருளன்று, மலிவான அலுமினியம். கிடங்கில் கிடந்திருந்தால் உருக்கு உலைக்குப் போயிருக்கும்.

வகைகள்

கூடு தரும் கருவிகளை அவற்றின் பிறப்பிடம் கொண்டு பிரிப்பது வழக்கம்.

இராணுவக் கருவிகள் முன்பே சொல்லப்பட்டன. ஆய்வகக் கருவிகள் அடுத்த வகை. சிக்னல் ஜெனரேட்டர், வோல்ட்மீட்டர், அலைவரிசை எண்ணி போன்றவை தடித்த அலுமினியத்தில், அறை அறையாகப் பிரித்துச் செய்யப்பட்டவை. இவற்றிலும் தொலைபேசி நிலையச் சாமான்களிலும் 19 அங்குல ரேக் அளவு பொது: முகப்பின் அகலம் 482.6 மி.மீ., உயரம் 44.45 மி.மீ.யின் மடங்குகளில். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் பெட்டிகள் ஒரே சட்டத்தில் பிசகின்றி உட்காரும் என்பதால், பெரிய பவர் ஆம்ப்ளிஃபையர் கட்டுபவர்கள் இதையே நாடுகிறார்கள்.

டாக்சி, காவல்துறை வண்டிகளிலிருந்து கழிந்த வி.எச்.எஃப். கருவிகள் மூன்றாம் வகை. பிரிட்டனின் பை வெஸ்ட்மின்ஸ்டர் இதில் புகழ்பெற்றது. இங்கே கூடோடு வெப்பந்தாங்கியும் வருகிறது.

கணினிப் பொருள்கள் 1990களுக்குப் பின் முன்னுக்கு வந்தன. ஏடிஎக்ஸ் பவர் சப்ளையின் எஃகுப் பெட்டி 150 × 140 × 86 மி.மீ.; மின்விசிறித் துளையும் மெயின்ஸ் சாக்கெட்டும் சுவிட்சும் தயாராக இருக்கும். ஒரே கணினியில் இரண்டு பிரிண்டர் மாட்டுவதற்காக விற்ற சுழல்சுவிட்ச் பெட்டி, ஆன்டெனா ட்யூனர் செய்பவர்களின் செல்லப் பொருள். வீட்டுச் சாமான்களில் டிவிடி பிளேயர், செட்டாப் பாக்ஸ், கார் ஸ்டீரியோ ஆகியவை உண்டு. ஆனால் தொலைக்காட்சியின் உள்ளே இருக்கும் ட்யூனர் டப்பாதான் உண்மையான புதையல். அது வெள்ளீயம் பூசிய தகரம். நேரடியாகச் சால்டர் பிடிக்கும். மூடி அழுத்தினால் பொருந்தும். ஆசிலேட்டர், மிக்சர் போன்ற சிறு பகுதிகளைத் தனியே அடைத்து மூட அதற்கு இணையில்லை.

கருவியல்லாத தகர டப்பாக்களையும் சிலர் இவ்வகையில் சேர்க்கிறார்கள். டக் டிமா என்ற அமெரிக்க ஹாம் 1976 மே மாத ‘க்யூஎஸ்டி’ இதழில் எழுதிய ‘டூனா டின் 2’, மீன் டப்பாவின்மேல் கட்டிய இரண்டு டிரான்சிஸ்டர் டிரான்ஸ்மிட்டர். அரை வாட்டுக்கும் குறைந்த திறனில் 7 மெகாஹெர்ட்ஸில் மோர்ஸ் அனுப்பும். ஆல்டாய்ட்ஸ் மிட்டாய் டப்பாவில் அடங்கும் கருவிகள் அதன் வாரிசுகள்.

தேர்வும் வேலையும்

தடித்த தகடுதான் அலையை மறைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. 7 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் அலுமினியத்துக்குள் ஏறத்தாழ 0.03 மி.மீ. ஆழத்துக்கே இறங்குகிறது. ஆகவே எந்த டிவிடி பிளேயரின் மெல்லிய தகடும் மறைப்புக்குப் போதும். தடிமன் வேண்டியது உறுதிக்காக: பெட்டியைத் தட்டினால் வி.எஃப்.ஓ. எனப்படும், அலைவரிசையை மாற்றக்கூடிய ஆசிலேட்டரின் அலைவரிசை குதிக்கக் கூடாது. அலை கசிவது இடுக்குகளில். பழைய பெட்டியின் மூடியும் உடலும் பெயின்ட் பூசியவை. பார்க்க இறுக்கமாக இருந்தாலும் மின்தொடர்பு திருகுகள் உள்ள இடத்தில் மட்டுமே. திருகுக்குத் திருகு உள்ள இடைவெளி ஒரு நீண்ட துளையாகவே இயங்குகிறது. 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2 மீட்டரைச் சற்றே தாண்டும், 10 செ.மீ. இடுக்கே அங்கே தொல்லை தரும். பொருந்தும் விளிம்புகளில் பெயின்டைச் சுரண்டி வெற்று உலோகத்தை வெளிக்கொணர்வது முதல் வேலை.

மேலே சொன்ன பிரிண்டர் சுவிட்ச் பெட்டியில் இதை நேரடியாகப் பார்க்கலாம். மூடியைக் கழற்றி, சுவிட்சையும் 25 முள் சாக்கெட்டுகளையும் எடுத்தால் பின்தகட்டில் ‘டி’ வடிவ ஓட்டைகள் நிற்கும். அவற்றை அடைக்க முயல்வதைவிட, பின்தகடு முழுவதற்கும் தாமிரம் பூசிய ஒரு சர்க்யூட் பலகைத் துண்டை வெட்டிப் போர்த்துவது எளிது. அதில் ஆன்டெனா சாக்கெட்டுக்குத் துளையிட்டு, நட்டின் அடியில் நட்சத்திர வாஷர் போட்டு முறுக்கினால் எர்த் உறுதிப்படும். பெட்டி எஃகு என்பதால் காற்றுச்சுருளைச் சுவரிலிருந்து ஒரு விட்டம் அளவாவது தள்ளிப் பொருத்த வேண்டும். இல்லையேல் சுருளின் தரம் விழும். டொராய்டு (வளைய வடிவ) சுருளுக்கு இந்தக் கவலை குறைவு.

வால்வுக் காலச் சேசிஸ்களில் ஒரு வசதி உண்டு. மினியேச்சர் ஏழுமுள் வால்வு சாக்கெட்டுக்கு வெட்டிய துளை 5/8 அங்குலம், அதாவது சுமார் 16 மி.மீ. எஸ்ஓ-239 ஆன்டெனா சாக்கெட்டின் உடலுக்கும் அதே துளைதான். அரம் தொடாமலே பொருந்தும்.

ஆபத்துகள்

கணினி பவர் சப்ளையில் 230 வோல்ட் மெயின்ஸ் நேர்மின்னோட்டமாக மாறும்போது 325 வோல்ட் வரை கண்டென்சரில் தேங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சில நேரம் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் சார்ட் செய்யாமல், சில கிலோ ஓம் மின்தடை வழியே இறக்கி, மீட்டரால் சரிபார்க்க வேண்டும். போர்க்கால மீட்டர்களிலும் டையல்களிலும் இருட்டில் ஒளிரும் பூச்சு ரேடியம் கலந்தது. ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு மங்காது. ரேடியம்-226இன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. அந்தப் பூச்சைச் சுரண்டவோ அரம் போடவோ கூடாது. பழைய எண்ணெய்க் கண்டென்சர்களில் பிசிபி என்னும் நச்சு எண்ணெயும், சில உயர்திறன் ஆர்.எஃப். டிரான்சிஸ்டர்களில் பெரிலியம் ஆக்சைடும் உண்டு. இவற்றை உடைக்காமல் அப்புறப்படுத்த வேண்டும்.

இந்தியாவில்

போருக்குப் பின் ‘டிஸ்போசல் சாமான்’ இந்தியச் சந்தைகளுக்கும் வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்த 1991 வரை வெளிநாட்டு டிரான்சீவர் பெரும்பாலோருக்கு எட்டாக்கனி. சொந்தமாகச் செய்வது பொழுதுபோக்கன்று, கட்டாயம். சென்னை ரிச்சி தெரு, மும்பை லாமிங்டன் சாலை, பெங்களூர் எஸ்.பி. சாலை ஆகியவற்றில் உதிரி கிடைத்தது, கூடு கிடைப்பது அரிதாக இருந்தது. அதற்குக் காயலான் கடைதான். ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் 2000களின் தொடக்கத்தில் வடிவமைத்த ‘பிட்எக்ஸ்’ டிரான்சீவர் இந்தச் சூழலின் பிள்ளை. அதில் இறக்குமதி டொராய்டுக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாய் வாஷர்மேலேயே சுருள் சுற்றலாம் என்று அவர் காட்டினார்.

இன்றைய நிலை

முப்பரிமாண அச்சுப் பெட்டிகளும் மலிவான சீன அலுமினியக் கூடுகளும் வந்துவிட்டன. பழங்கூட்டைத் தேடுவோர் குறைந்துள்ளனர். இந்தியாவில் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. கூட்டைக் கழற்றியபின் மிஞ்சும் சர்க்யூட் பலகைகளைக் குப்பையில் வீசாமல் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.