விண்மீன் திரள்சூழ் வாயு

ஒரு விண்மீன் திரளின் ஒளிரும் பகுதிக்கு வெளியே, லட்சக்கணக்கான ஒளியாண்டு தூரம் பரவிக் கிடக்கும் மிக மெல்லிய வாயு. பெரும்பகுதி ஹைட்ரஜன்; ஹீலியமும், விண்மீன்கள் வெடித்துச் சிதறடித்த கார்பன், ஆக்சிஜன் முதலியனவும் கலந்திருக்கும். புது விண்மீன்களுக்கான மூலப்பொருள் இதிலிருந்தே திரளுக்குள் விழுகிறது. படங்களில் வெறும் இருட்டாகத் தெரியும் இந்த இடத்தை விட்டுவிட்டு ஒரு திரளின் வளர்ச்சியைச் சொல்லவே முடியாது.

பால்வெளித் தட்டுக்கு வெகு மேலேயும் வாயு முகில்கள் இருப்பதை வானியலாளர் கைடோ முன்ச் கண்டிருந்தார். அவை கலையாமல் இருப்பதேன் என்று கேட்ட லைமன் ஸ்பிட்சர், சுமார் 10 லட்சம் பாகைச் சூடுள்ள வாயு சுற்றிலும் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று 1956இல் எழுதினார். 1969இல் ஜான் பாக்காலும் அவரும் ஒரு படி மேலே சென்றனர்: குவேசார்கள் எனப்படும், வெகு தொலைவிலுள்ள பேரொளித் திரள் மையங்களின் நிறமாலையில் தெரியும் கரிய கோடுகள், வழியிலுள்ள திரள்களின் அகன்ற வாயு உறை விழுங்கிய ஒளியின் தடம் என்றனர்.

ஹைட்ரஜன் அணு 121.6 நானோமீட்டர் அலைநீளப் புறஊதா ஒளியை விழுங்கும்; இது லைமன் ஆல்பா கோடு. பேரண்டம் விரிய விரிய, பயணத்திலிருக்கும் ஒளியின் அலைநீளமும் நீள்கிறது. அதனால் வழியிலுள்ள ஒவ்வொரு முகிலும் நிறமாலையில் வெவ்வேறு இடத்தில் தன் கோட்டைப் பதிக்கிறது. 1971இல் ரோஜர் லிண்ட்ஸ் விளக்கிய இந்தக் கோட்டுக் கூட்டத்துக்கு 'லைமன் ஆல்பா காடு' என்று பெயர் நிலைத்தது. வியப்பு என்னவென்றால், அருகிலுள்ள திரள்களின் இந்தக் கோட்டைக் காண விண்வெளிக்குத் தொலைநோக்கி அனுப்ப வேண்டும், பூமியின் காற்று புறஊதாவை மறித்துவிடுவதால். பழங்காலத் திரள்களின் கோடோ நீண்டு, கண்ணுக்குப் புலப்படும் ஒளியாகவே மலையுச்சித் தொலைநோக்கிக்கு வந்து சேர்கிறது.

நிழலாக மட்டுமே அறியப்பட்ட வாயு, தன் சொந்த ஒளியிலும் தெரியத் தொடங்கியது. 2000இல் சார்லஸ் ஸ்டைடல் குழு, சுமார் 1,150 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய திரள்கூட்டம் ஒன்றில், மூன்று லட்சம் ஒளியாண்டுக்கு மேல் அகன்ற இரு ஒளிர்முகில்களைக் கண்டது. சிலியின் பரனால் மலைத் தொலைநோக்கியில் 2014இல் பொருத்தப்பட்ட மியூஸ் கருவியோ, சிறிய, தனித்த திரள்களைச் சுற்றியும் இந்த ஒளிவட்டத்தைக் காட்டியது. விண்மீன்கள் நிறைந்த பகுதியைவிட அது பல மடங்கு பெரியது.

இன்னும் பின்னோக்கிப் போனால் வாயுவின் நிலையே வேறு. பெருவெடிப்புக்குப் பிறகான முதல் 100 கோடி ஆண்டுகளில், எலக்ட்ரானை இழக்காத ஹைட்ரஜன் மூடுபனிபோல் வெளியை நிறைத்திருந்தது. திரள்களின் புறஊதா ஒளிதான் அதைக் கலைத்தது. பெருவெடிப்புக்கு 90 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய திரள்கள், தம்மைச் சுற்றி ஏறத்தாழ 20 லட்சம் ஒளியாண்டு ஆரத்துக்கு அந்த மூட்டத்தை விலக்கியிருந்ததை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் 2023ஆம் ஆண்டு முடிவுகள் காட்டின. 2024இல், அதற்கும் முந்தைய 40 முதல் 60 கோடி ஆண்டு வயதுப் பேரண்டத்தில் மூன்று திரள்கள் அகப்பட்டன. அவற்றின் ஒளியை, அவற்றைச் சூழ்ந்த வாயுவே பெருமளவு விழுங்கியிருந்தது: விண்மீனாக இன்னும் மாறாத ஹைட்ரஜன் அது.